டெக்சாஸ் அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை: டிஸ்ட்ரிக்டிடம் எதைக் கேட்பது, டி.ஈ.ஏ.-வுக்கு எப்போது எழுதுவது

டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு வீடு பிடிக்கவும் கார் வாங்கவும் வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. பள்ளிக்கூடம் என்று வந்தால் மட்டும், "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு எடுங்க" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. எங்கள் பையனுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. பள்ளியிலேயே அதற்கு இலவச உதவி உண்டு என்று தெரிந்தும், அதை வாங்குவதற்குள் பெரும்பாடு பட்டோம். எந்த முடிவு யார் கையில் இருக்கிறது, எந்தக் காகிதம் கொடுத்தால் நாள் எண்ணிக்கை தொடங்கும் என்பதை யாரும் எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. அதை இங்கே வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லையென்றாலும் முதல் ஐந்து படிகள் உங்களுக்கும் வேண்டியவைதான்.

1. யாருக்கு என்ன அதிகாரம் என்று முதலில் பாருங்கள்

நம் ஊரில் அரசுப் பள்ளி என்றால் கல்வித்துறைதான் நடத்தும். இங்கே அப்படி இல்லை. பள்ளிகளை நடத்துவது ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டம். அந்தப் பகுதி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு ஒன்று அதற்கு உண்டு. போர்டு நியமிப்பவர் சூப்பரின்டென்டென்ட், அவருக்குக் கீழே பிரின்சிபல்கள். ஆசிரியரை வேலைக்கு எடுப்பது, பஸ் ரூட், பள்ளி எல்லை, காலண்டர் எல்லாமே டிஸ்ட்ரிக்ட் முடிவுதான்.

டெக்சாஸ் எஜுகேஷன் ஏஜென்சி, சுருக்கமாக டி.ஈ.ஏ., ஆஸ்டினில் இருக்கிறது. அதன் தலைவரான கமிஷனரை நியமிப்பவர் கவர்னர். 1,200-க்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகளையும், அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளையும் மேற்பார்வை செய்வது இந்த ஏஜென்சியின் வேலை. மாநிலப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிறது, மாநிலத் தேர்வை நடத்துகிறது, பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுகிறது. சிறப்புக் கல்வி (குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான உதவி), ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான திட்டம் ஆகியவற்றில் சட்டப்படி நடக்கிறார்களா என்றும் பார்க்கிறது. எந்த வகுப்பில் என்ன பாடம் என்பதை மட்டும், தேர்தலில் ஜெயித்து வரும் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி போர்டு தீர்மானிக்கிறது.

டி.ஈ.ஏ.-வுக்குக் கடுமையான அதிகாரமும் உண்டு. ஒரு பள்ளி ஐந்து வருடம் தொடர்ந்து தேறாமல் போனால் கமிஷனர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லையேல் டிஸ்ட்ரிக்டின் போர்டையே மாற்ற வேண்டும். 2023 ஜூனில் ஹூஸ்டன் ஐ.எஸ்.டி.-யில் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் அதிகாரத்தை எடுத்துவிட்டு, தானே நியமித்தவர்களிடம் டி.ஈ.ஏ. பொறுப்பைக் கொடுத்தது. ஆனால் "டீச்சர் என் பிள்ளைக்கு மார்க் குறைத்துவிட்டார்", "வகுப்பை மாற்றித் தர மறுக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதினால், அது உள்ளூர் விஷயம், டிஸ்ட்ரிக்டிடம் போங்கள் என்றுதான் பதில் வரும். சட்டமோ மாநில விதியோ மீறப்பட்டிருந்தால்தான் ஆஸ்டினுக்கு எழுதிப் பலன் உண்டு.

2. வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் முகவரியைச் சரிபாருங்கள்

ஊர் பெயரும் டிஸ்ட்ரிக்ட் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் என்று நான்கு ஐ.எஸ்.டி.-கள் வருகின்றன. அபார்ட்மென்ட் அலுவலகத்தில் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல், கதவு எண்ணோடு முழு முகவரியையும் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கே போன் செய்து, "இந்த முகவரிக்கான பள்ளியில் இப்போது இடம் இருக்கிறதா, நிரம்பிவிட்டதா?" என்று கேளுங்கள். மாநிலச் சட்டப்படி நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகள்தான் இருக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் டிஸ்ட்ரிக்ட் டி.ஈ.ஏ.-விடம் விலக்கு வாங்க வேண்டும். வேகமாக வளரும் பகுதிகளில் நடுவருடத்தில் வருபவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புவது இதனால்தான்.

பள்ளிகளின் தரத்தை டி.ஈ.ஏ. வெளியிடும் டிஎக்ஸ் ஸ்கூல்ஸ் தளத்தில் பார்க்கலாம். மொத்த எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிள்ளைகள் போன வருடத்தைவிட எவ்வளவு முன்னேறினார்கள் என்று தனியாக ஒரு மதிப்பெண் இருக்கும். என்னைக் கேட்டால் புதிதாக வருபவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

3. சேர்க்கைக்கான காகிதங்கள்

கட்டணம் எதுவும் இல்லை. வேண்டியவை:

- பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட்
- முகவரிச் சான்று: வீட்டு ஒப்பந்தம், கூடவே மின்சாரக் கட்டண ரசீது
- பெற்றோரின் அடையாள அட்டை
- முந்தைய பள்ளியின் டி.சி., மதிப்பெண் பட்டியல்கள்
- தடுப்பூசிப் பதிவு

பழைய பள்ளியின் காகிதங்கள் இன்னும் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட விடாதீர்கள். சேர்ந்த பிறகு 30 நாளுக்குள் கொடுத்தால் போதும். எச்-4 விசாவில் வரும் பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. பரவாயில்லை, பள்ளியே மாற்று எண் கொடுக்கும். விசா நிலையைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. டெக்சாஸ் வழக்கொன்றில் 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது.

தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். முதலாவது, தேதி. நாம் 05/08 என்று எழுதினால் ஆகஸ்ட் 5, இவர்கள் படிப்பது மே 8. கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில், மாதத்தை எழுத்தால் எழுதி, முத்திரையோடு வாங்கி வாருங்கள். இரண்டாவது, இந்திய அரசு அட்டவணையில் எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசிதான் போடுகிறார்கள், பொன்னுக்கு வீங்கிக்கான தடுப்பு அதில் வராது. இங்கே அதுவும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டும். சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றிலும் இரண்டிரண்டு டோஸ் கேட்பார்கள். ஊரில் தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் அதற்கான பதிவை மறக்காமல் எடுத்து வாருங்கள். கேட்கும் ஊசிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு டோஸாவது போட்டிருந்து, மிச்சத்தை உரிய தேதியில் போட்டுவந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

வயது: செப்டம்பர் 1 அன்று ஐந்து முடிந்திருந்தால் கிண்டர்கார்டன். அன்று நான்கு முடிந்த பிள்ளை ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்ளாவிட்டால், கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பான ப்ரீ-கே இலவசமாகக் கிடைக்கும், வருமான வரம்பு தேவையில்லை. தனியார் டேகேருக்கு மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கும் குடும்பங்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் கொண்டுவர வேண்டும். உயர்நிலைப் பள்ளியை முடிக்க இங்கே குறைந்தது 22 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளி) வேண்டும், எண்டோர்ஸ்மென்ட் எனப்படும் துறைப் பிரிவோடு முடிக்க 26. அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, ஆங்கிலம் 2, உயிரியல், அமெரிக்க வரலாறு என்று ஐந்து மாநிலத் தேர்வுகளும் உண்டு. ஊரில் படித்தது எத்தனை கிரெடிட் என்று கணக்கிடுவது டிஸ்ட்ரிக்ட். கவுன்சலரைச் சந்தித்து அந்தக் கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. வீட்டு மொழிப் படிவம்: யோசித்து நிரப்புங்கள்

சேர்க்கைக் காகிதங்களோடு, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை என்ன மொழி பேசுகிறது என்று கேட்கும் படிவம் ஒன்று வரும். ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். சேர்ந்த நான்கு வாரத்துக்குள் எல்பேக் என்ற குழு, பிள்ளைக்கு ஆங்கில உதவி வகுப்பு தேவையா என்று முடிவு செய்யும். அதில் சேர்க்க உங்கள் கையெழுத்து வேண்டும்.

"தமிழ்னு எழுதாதீங்க, ஈ.எஸ்.எல்.-ல (ஆங்கில உதவி வகுப்பு) போட்டுடுவாங்க" என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மையை எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளை தேர்விலேயே அதைக் காட்டிவிடும். வராத பிள்ளைக்கு அந்த உதவி தேவை. ப்ரீ-கே இலவசமாகக் கிடைப்பதும் இந்தப் படிவத்தில்தான் தொடங்குகிறது. உதவி வகுப்பு வேண்டாம் என்று நீங்கள் மறுத்தாலும், ஆங்கிலம் கற்பவர் என்ற வகையில் பிள்ளை இருக்கும் வரை ஆங்கிலத் திறனைப் பார்க்கும் டெல்பாஸ் தேர்வு வருடா வருடம் வரும்.

படிவத்தில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், ஆங்கிலத் தேர்வு வைப்பதற்கு முன்னால், சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

5. ஊருக்குப் போகும் பயணம்

பள்ளிகளுக்கு மாநிலப் பணம் சராசரி வருகையை வைத்துத்தான் வருகிறது. ஒரு நாள் பிள்ளை வராவிட்டாலும் உடனே போன் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கிரெடிட்டோ தேர்ச்சியோ கிடைக்க, வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் காரணமில்லாமல் பத்து நாள், முழு நாளாகவோ நாளின் ஒரு பகுதியாகவோ, வராமல் போனால் விவகாரம் நீதிமன்றம் வரைகூடப் போகலாம். டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் போடும் முன் பள்ளிக் காலண்டரைப் பாருங்கள். நீண்ட நாள் போவதானால், முறைப்படி பள்ளியிலிருந்து விலக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பதா, விடுப்புக் கடிதம் போதுமா என்று அட்டெண்டன்ஸ் அலுவலகத்தில் ஈமெயிலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். விலக்கினால் திரும்ப வரும்போது அதே பள்ளியில் இடம் இருக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

6. பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால்: இவாலுவேஷனை (மதிப்பீட்டை) எழுத்தில் கேளுங்கள்

பேச்சுத் தாமதம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, கவனக் குறைபாடு, காது அல்லது பார்வைப் பிரச்சினை எதுவாக இருந்தாலும், மூன்று வயதிலிருந்து பள்ளி மாவட்டம் இலவசமாக மதிப்பீடு செய்ய வேண்டும். இது அமெரிக்கக் கூட்டரசின் சட்டம். அது டெக்சாஸில் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு டி.ஈ.ஏ.-வினுடையது. உங்கள் பிள்ளை இன்னும் பள்ளியில் சேராத மூன்று வயதுக் குழந்தையாக இருந்தாலும் கேட்கலாம். வெளியே தனியாரிடம் போனால் இதே மதிப்பீட்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும்.

கோரிக்கையை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். வகுப்பு ஆசிரியரிடம் வாயால் சொன்னாலோ, அவருக்கு மட்டும் ஈமெயில் போட்டாலோ நாள் எண்ணிக்கை தொடங்காது. டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ, பிரின்சிபல் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கோ எழுத்தில் போக வேண்டும். நான் இருவருக்கும் ஒரே ஈமெயிலில் அனுப்பச் சொல்வேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, நீங்கள் கவனித்தவை, "சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீட்டைக் கோருகிறேன்" என்ற ஒரு தெளிவான வரி, தேதி. அவ்வளவு போதும். கண்ணீர்க் கதை வேண்டாம்.

அதன் பிறகு கால வரிசை இப்படிப் போகும்:

கோரிக்கை கிடைத்த 15 பள்ளி நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சம்மதமானால் உங்களிடம் ஒப்புதல் படிவம் தருவார்கள். மறுத்தால் ஏன் என்று காரணத்தோடு நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும். அறிக்கை முடிந்த 30 நாட்களுக்குள், என்ன சேவை என்று முடிவெடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டம். இந்த 30 மட்டும் காலண்டர் நாள்.

பள்ளி நாள் என்றால் சனி, ஞாயிறு, விடுமுறை எதுவும் சேராது. 45 பள்ளி நாள் என்பது லீவே இல்லாவிட்டால்கூட ஒன்பது வாரம். செப்டம்பர் தொடக்கத்தில் எழுதினால் கூட்டம் நடக்க ஜனவரி ஆகிவிடலாம். பள்ளி வருடம் முடிய 35 பள்ளி நாளுக்கும் குறைவாக இருக்கும்போது ஒப்புதல் கொடுத்தால் எண்ணிக்கை கோடையைத் தாண்டி அடுத்த வருடத்துக்குப் போய்விடும். 35-லிருந்து 45-க்குள் என்றால் ஜூன் 30-க்குள் அறிக்கை வர வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மார்ச் பிறந்துவிட்டால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். நடுவில் பிள்ளை மூன்று நாளோ அதற்கு மேலோ வராமல் போனால் அந்த நாட்களைக் கூட்டிக்கொள்வார்கள். மதிப்பீடு நடக்கும்போது ஊருக்குப் போக வேண்டாம்.

எங்களிடம் சொல்லப்பட்ட ஒரு பதிலை நீங்களும் கேட்க நேரிடலாம்: "முதலில் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம்." நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பது மட்டுமே மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. "வகுப்பில் சில மாதம் கூடுதல் உதவி கொடுத்துப் பார்க்கிறோம்" என்பதும் அப்படித்தான். உதவி கொடுக்கட்டும், கூடவே மதிப்பீடும் நடக்க வேண்டும். யாராவது இப்படி வாயால் மறுத்தால், "நீங்கள் இன்று சொன்னதை எழுத்து நோட்டீஸாகத் தாருங்கள்" என்று அன்றே ஈமெயில் போடுங்கள். எங்களுக்கு விஷயம் நகர ஆரம்பித்தது இந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

இன்னொன்று. பிள்ளைக்கு எந்த மொழியில் திறமை சரியாகத் தெரியுமோ, முடிந்தவரை அந்த மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. தமிழ் தெரிந்த நிபுணர் கிடைப்பது அரிது, மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்வார்கள். அதனால் பிள்ளை வீட்டில் தமிழில் பேசும் வீடியோக்களை எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டியுடன் போனில் பேசுவது, கதை சொல்வது, சாப்பாடு கேட்பது எதுவானாலும் சரி. தமிழிலும் அதே தடுமாற்றம் இருந்தால் அது ஆங்கிலம் தெரியாததால் வந்ததல்ல என்று புரியவைக்கலாம். தமிழில் கடகடவென்று பேசுகிறான் என்றால் அதுவும் நல்ல செய்திதான். ஆங்கிலம் வரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்துவதையும் சட்டம் தடுக்கிறது.

7. ஏ.ஆர்.டி. கூட்டம்

பிள்ளை தகுதி பெறுகிறதா, என்ன சேவை, வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று முடிவெடுக்கும் கூட்டம் இது. நீங்கள் அதில் விருந்தாளி இல்லை, உறுப்பினர். குறைந்தது ஐந்து பள்ளி நாளுக்கு முன்பே எழுத்தில் அழைப்பு வர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பச் சொல்லுங்கள். முப்பது நாற்பது பக்கத்தை அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. ஆங்கிலம் தெரிந்தாலும், தமிழில் கேட்டால்தான் நன்றாகப் புரியும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், செலவு டிஸ்ட்ரிக்டுடையது. பிள்ளை ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் இருந்தால் எல்பேக் குழுவிலிருந்து ஒருவரும் உட்கார வேண்டும்.

கூட்டத்தின் முடிவில் ஐ.ஈ.பி. என்ற, உங்கள் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம் எழுதப்படும். "தேவைக்கேற்ப பேச்சுப் பயிற்சி" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்று எண்ணாக இருக்க வேண்டும். எண் இருந்தால்தான் பின்னால் நடக்கவில்லை என்று காட்ட முடியும். உடன்பாடு இல்லையென்றால் கூட்டத்தை அதிகபட்சம் பத்து பள்ளி நாள் ஒத்திவைத்து மறுபடி உட்காரலாம். முதல்முறை சேவை தொடங்க உங்கள் கையெழுத்து கட்டாயம். டிஸ்ட்ரிக்டின் மதிப்பீடே சரியில்லை என்று நினைத்தால், வெளி நிபுணரின் மதிப்பீட்டை டிஸ்ட்ரிக்ட் செலவில் கேட்கவும் உரிமை உண்டு.

8. சொன்னது நடக்கவில்லை என்றால்

முதலில் பிரின்சிபல், அப்புறம் டிஸ்ட்ரிக்டின் சிறப்புக் கல்வி அலுவலகம். இரண்டும் ஈமெயிலில். நேரில் பேசினால், பேசியதைச் சுருக்கி அன்று மாலையே அவர்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள். பிள்ளையின் கோப்பைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். சேவை கொடுத்த நாட்களின் பதிவையும் அதில் கேளுங்கள், பல நேரங்களில் ஆதாரம் அங்கேதான் கிடைக்கும்.

சிறப்புக் கல்வி அல்லாத மற்ற மனக்குறைகளுக்கு டிஸ்ட்ரிக்டின் முறையீட்டு விதி உண்டு. பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் எஃப்.என்.ஜி. என்ற தலைப்பில் போர்டு கொள்கைகளில் இருக்கும். எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும், நாள் தவறினால் உள்ளே போகாமலே தள்ளிவிடுவார்கள். 2025-ல் இந்த விதிகள் மாறியிருப்பதால் நண்பர்கள் அனுப்பும் பழைய பிரதியை வைத்துக்கொண்டு எண்ணாதீர்கள். சிறப்புக் கல்வி விஷயத்துக்கு இந்தப் படிகளை முடித்துவிட்டுத்தான் டி.ஈ.ஏ.-வுக்குப் போக வேண்டும் என்பதில்லை. நேரடியாகவே எழுதலாம்.

9. டி.ஈ.ஏ.-வுக்குப் புகார் எழுதுவது

செலவு இல்லை, வக்கீல் வேண்டாம். டி.ஈ.ஏ. தளத்தில் மாதிரிப் படிவம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் நடந்த மீறலாக இருக்க வேண்டும். புகாரில் இருக்க வேண்டியவை: எந்தச் சட்டக் கடமை மீறப்பட்டது, எந்தத் தேதியில் என்ன நடந்தது, பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, என்ன தீர்வு கேட்கிறீர்கள், உங்கள் கையெழுத்து, தொடர்பு விவரம். அதே நேரத்தில் டிஸ்ட்ரிக்டுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

தேதி வரிசையில் எழுதுங்கள். "செப்டம்பர் 8: இயக்குநருக்குக் கோரிக்கை, இணைப்பு 1. 15 பள்ளி நாள் முடிந்தது செப்டம்பர் 29. அக்டோபர் 20 வரை பதில் இல்லை" என்கிற மாதிரி. ஆசிரியரின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம், டி.ஈ.ஏ. அதை விசாரிக்காது. புகார் கிடைத்த 60 காலண்டர் நாளுக்குள் அவர்கள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். தவறு என்று கண்டால் டிஸ்ட்ரிக்டைத் திருத்தச் சொல்வார்கள், விட்டுப்போன சேவையை ஈடுசெய்யச் சொல்லவும் முடியும்.

நடுவரை வைத்துப் பேசித் தீர்க்கும் வழியையும் டி.ஈ.ஏ. இலவசமாகவே தருகிறது, இரு தரப்பும் சம்மதித்தால். டியூ புராசஸ் என்ற விசாரணை வேறு. அது கிட்டத்தட்ட வழக்கு, இரண்டு வருடத்துக்குள் தொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் போவது கடினம், செலவும் பெரிது. நாள் தவறியது, எழுதிய சேவை நடக்கவில்லை போன்ற தெளிவான மீறல்களுக்குப் புகாரே போதும். இனம், மொழி காரணமாகப் பாகுபாடு என்றால் அது டி.ஈ.ஏ.-வின் வேலை அல்ல. கூட்டரசுக் கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாளுக்குள் எழுத வேண்டும்.

புகார் கொடுத்தால் விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ பாதிப்பு வருமோ என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். புகாரில் விசா விவரம் கேட்பதில்லை. புகார் கொடுத்ததற்காகப் பெற்றோரைப் பழிவாங்குவதும் சட்டப்படி தவறு.

படிவம் நிரப்பும் முன் சந்தேகம் இருந்தால் 1-855-773-3839 என்ற ஸ்பெட்டெக்ஸ் எண்ணை அழையுங்கள். டெக்சாஸ் பெற்றோருக்காகவே உள்ள சிறப்புக் கல்வித் தகவல் சேவை அது, இலவசம். உங்கள் கோரிக்கை ஈமெயிலின் தேதியையும் டிஸ்ட்ரிக்டின் பள்ளிக் காலண்டரையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.